கோப்பு கல்முனையில் இருக்கட்டும், திரை மட்டும் வாழைச்சேனைக்குப் போகட்டும்

கல்முனையில் தலைக்கடை, அக்கரைப்பற்றிலும் வாழைச்சேனையிலும் கிளைகள். கணக்கு முழுவதும் தலைக்கடைக் கணினியில் உள்ள ஒரே அக்சஸ் (மைக்ரோசொஃப்டின் டேட்டாபேஸ் நிரல்) கோப்பில். மூன்று இடத்தாரும் அதைப் பாவிக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடையோ, அரிசி ஆலையோ, கடனுதவிச் சங்கமோ, வியாபாரம் கொஞ்சம் வளர்ந்ததும் இந்தத் தேவை வந்துவிடும். உடனே ஒருவர் அந்தக் கோப்பைக் கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ போட்டு வைப்பார். கணக்கைக் கெடுக்க இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

டிரைவ் செய்வது பிரதியெடுக்கும் வேலை. இரண்டு கிளையிலும் கோப்பைத் திறந்தால் இரண்டு பேரிடமும் தனித்தனிப் பிரதி இருக்கும். காலையில் அக்கரைப்பற்றில் போட்ட பில்கள் ஒன்றில், வாழைச்சேனையில் போட்டவை மற்றதில். மாலையில் ஒன்று மற்றதை மூடி எழுதும், அல்லது பெயரில் சிறு மாற்றத்துடன் இன்னொரு கோப்பு முளைக்கும். யார் எந்தப் பதிவைத் திருத்துகிறார் என்பதை அக்சஸ், பக்கத்திலேயே தோன்றும் 'எல்ஏசிசிடிபி' என்ற பூட்டுக் கோப்பை வைத்துத்தான் அறிகிறது. டிரைவில் அந்தப் பூட்டு மற்றக் கிளையைத் தடுக்காது.

அப்படியானால் விபிஎன் (இணையத்தின் ஊடே இரண்டு இடங்களை இணைக்கும் மறைகுறித் தடம்) போட்டு, தலைக்கடைக் கோப்பை நேரே திறக்கலாமே என்பார்கள். அதுவும் சரிவராது. அக்சஸுக்குச் சேர்வர் என்று ஒன்று இல்லை. கோப்பைப் படித்து எழுதும் இயந்திரம் ஒவ்வொருவரின் கணினியிலும் ஓடுகிறது. அது கோப்பை 4 கிலோபைட் பக்கங்களாக இழுக்கிறது. இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல்) இல்லாத புலத்தில் ஒரு வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் அட்டவணை முழுவதும் இணைப்பு வழியே வர வேண்டியிருக்கும். மெதுவாக இருப்பதையாவது பொறுக்கலாம். ஒரு பில்லைச் சேமிக்கும்போது தரவுப் பக்கமும் இன்டெக்ஸ் பக்கமும் தனித்தனியே எழுதப்படுகின்றன. பாதியில் 4ஜி அறுந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் நிற்கும். அடுத்த முறை திறக்கும்போது 'டேட்டாபேஸ் வடிவத்தை அறிய முடியவில்லை' என்ற செய்திதான். விபிஎன், வழியில் யாரும் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும். அறுகிற இணைப்பை அறாமல் காக்காது. இதே காரணத்தால் கடைக்குள்ளும் வைஃபையில் அக்சஸை ஓட்டாதீர்கள், கேபிள் போடுங்கள். மாரியில் கரண்ட் விட்டுவிட்டு வரும்போது கணினிக்கு மட்டும் யூபிஎஸ் இருந்தால் போதாது. கேபிள்கள் வந்து சேரும் நெட்வேர்க் ஸ்விட்ச் அணைந்தாலும் இணைப்பு அறும், அதையும் யூபிஎஸ்ஸில் கொடுங்கள்.

கடைக்குள் முதலில் கோப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரதி ஒன்று எடுத்துவிட்டு, 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதியில் உள்ள 'அக்சஸ் டேட்டாபேஸ்' கட்டளையைக் கொடுத்தால் அட்டவணைகள் பின்கோப்புக்குப் போகும். படிவம், அறிக்கை, வினவல் எல்லாம் முன்கோப்பில் நிற்கும். பின்கோப்பு தலைக்கடையின் பகிர்வு போல்டரில் இருக்கட்டும். முன்கோப்பின் தனிப்பிரதி ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்க வேண்டும்; எல்லோரும் ஒரே முன்கோப்பைத் திறப்பதுதான் அடிக்கடி காணும் பிழை. அட்டவணைகளை இசட் டிரைவ் என்று இணைக்காமல், தலைக்கடைக் கணினியின் பெயரில் தொடங்கும் முழுப்பாதையில் இணையுங்கள்; டிரைவ் எழுத்து கணினிக்குக் கணினி மாறும். போல்டரில் எழுத மட்டுமன்றி, கோப்பை உண்டாக்கவும் அழிக்கவும் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பூட்டுக் கோப்பு தோன்றாது, இரண்டாவது ஆள் உள்ளே வர முடியாது.

கிளைகளுக்கு உருப்படியான வழிகள் இரண்டே.

ஒன்று, ரிமோட் டெஸ்க்டொப். அக்சஸ் கல்முனையிலேயே ஓடும். வாழைச்சேனைக்குத் திரை மட்டும் போகும். இணைப்பு அறுந்தாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது, திரும்ப நுழைந்தால் விட்ட இடம் அப்படியே இருக்கும். ஆனால் விண்டோஸ் 11 புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம், ஹோம் பதிப்பில் அதுவும் இல்லை. மூன்று பேர் சேர்ந்து வேலை செய்ய விண்டோஸ் சேர்வரும் ஆளுக்கொரு ரிமோட் உரிமமும் வேண்டும், செலவுதான். ரவுட்டரில், ரிமோட் டெஸ்க்டொப் பாவிக்கும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள்; கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் நிரல்கள் அந்தக் கதவை இடைவிடாமல் தட்டுகின்றன. முன்னால் விபிஎன் இருக்கட்டும். பல 4ஜி இணைப்புகளில், வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி முகவரி கிடைக்காது. அங்கே, அது இல்லாமலே இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவைகள் உதவும்.

மற்றது, பின்கோப்பை எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசொஃப்டின் டேட்டாபேஸ் சேர்வருக்கு மாற்றுவது. இலவசம், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை கொள்ளும், அக்சஸின் எல்லை 2 ஜிபிதான். கிளையிலிருந்து கேள்வி மட்டும் போகும், விடை மட்டும் வரும். ஒரு பரிவர்த்தனை பாதியில் அறுந்தால் சேர்வரே அதை இரத்துச் செய்துவிடும். இந்த இணைப்புக்கும் விபிஎன் கட்டாயம். மாற்ற மைக்ரோசொஃப்டின் இலவசக் கருவி உண்டு. மாற்றிய பின் நான்கைக் கவனியுங்கள். முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலம்) இல்லாத அட்டவணையில் திருத்த முடியாது. 'ஆம்/இல்லை' புலம் வெறுமையாக இருந்தால் 'வேறொருவர் மாற்றிவிட்டார்' என்று பொய் எச்சரிக்கை வரும். இயல்புப் பெறுமதியாக 0 கொடுங்கள். ஒவ்வொரு அட்டவணைக்கும் பதிவு மாறும்போதெல்லாம் தானே மாறும் 'ரோவேர்ஷன்' புலம் ஒன்று சேருங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு 'என்வார்சார்' வகையே வேண்டும், வெறும் 'வார்சார்' என்றால் கேள்விக்குறிகளே மிஞ்சும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பெயர்கள் உண்மையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். மாற்றும் முன்னரே யூனிகோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் பில் இலக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. கடைசி இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டும் முறையில் இரண்டு கிளைகள் ஒரே நொடியில் சேமித்தால் ஒரே இலக்கம் இரண்டு பில்லுக்கு விழும். அந்தப் புலத்துக்கு ஒரே பெறுமதி இருமுறை வராத இன்டெக்ஸ் போடுங்கள், கிளைக் குறியீட்டையும் இலக்கத்தின் முன் சேருங்கள்.

அக்சஸ் பின்கோப்பைப் பிரதியெடுக்கும் முன் பூட்டுக் கோப்பு மறைந்துவிட்டதா என்று பாருங்கள். இருந்தால் யாரோ இன்னும் மூடவில்லை, அல்லது ஒரு கணினி திடீரென நின்றிருக்கிறது. எக்ஸ்பிரஸில் தானியங்கிப் பிரதிக்கான ஏஜென்ட் இல்லை, ஆகவே விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் இரவு வேலையாகப் போட வேண்டும். அந்தப் பிரதியை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து, கடைசிப் பில் இலக்கத்தைக் கடைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.