மொட்டை டயரும் செம்மண்ணும்: தின்னரைத் தொடும் முன் டேப்பை எடுங்கள்

கடலூரில் டயர் கடை வைத்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஆட்டோ, ஷேர் வண்டி, சீசனில் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் என்று பார்த்துப் பழகிய கைக்கு, சில வருஷமாக கோ-கார்ட் என்கிற, தரையை ஒட்டி ஓடும் சின்ன ரேஸ் வண்டியின் டயர்களும் வருகின்றன. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் தாங்களே பைப் வளைத்து, வெல்டு வைத்து வண்டி செய்கிறார்கள். போன வருஷம் ஒரு கூட்டம் கேப்பர் மலைப் பக்கம் ஒரு காலி நிலத்தில் செம்மண்ணை உருளை விட்டு அமுக்கி, முட்டை வடிவத்தில் பாதை போட்டுவிட்டு என்னிடம் வந்தது. "அண்ணே, வளைவில் வண்டி திரும்ப மாட்டேங்குது. டயரை இன்னும் சாஃப்ட் ஆக்கணும். எந்த கெமிக்கல் தடவலாம்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோ-கார்ட் பிறந்தது 1956-ல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். அந்த நாட்டில் மண் பாதையில் இடது பக்கமே திரும்பித் திரும்பி ஓட்டும் பந்தயம் பல ஊர்களில் உண்டு. டயரைத் தயார் செய்வதே அங்கு தனிக்கலை. மேலே மருந்து தடவுவார்கள், உள்ளே ஊற்றி மணிக்கணக்கில் உருட்டி ஊற வைப்பார்கள். பிள்ளைகள் வீடியோவில் பார்த்தது அதைத்தான். பல பந்தயங்களில் அதற்குத் தடை உண்டு, டயரைச் சோதித்துப் பார்த்து வெளியே அனுப்புவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்குள் ஒரு தம்பி பெயிண்ட் தின்னரை வாங்கி, ஜன்னல் சாத்திய அறையில் உட்கார்ந்து வெறும் கையால் நாலு டயருக்கும் தடவி முடித்திருந்தான். ராத்திரி முழுக்க தலைவலி, வாந்தி. கை தோல் வறண்டு வெடித்திருந்தது. தின்னரில் பொதுவாக டொலுயீன், சைலீன் போன்றவை இருக்கும். மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவி நிற்கும். ஒரு சுவிட்ச் பொறி போதும், பற்றிக்கொள்ள. இத்தனை ஆபத்துக்கும் டயராவது தேறுமா என்றால், இல்லை. முதலில் ஊறி மெத்தென்று தெரியும். ரப்பருக்குள் இருக்கும் எண்ணெயைத் தின்னர் இழுத்துக்கொண்டு ஆவியானதும் முன்பைவிட இறுகிப்போகும்.

அவர்கள் வண்டி திரும்பாததற்குக் காரணமே வேறு. கார்ட்டின் பின் அச்சு ஒரே கம்பி, காரில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இதில் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் இடது பக்கமே திரும்பி ஓட்டும்போது, சக்கரங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருந்தால், பாதை பெரிதோ சிறிதோ, ஒரு முழுச் சுற்றில் வலது சக்கரம் இடதைவிட 6.28 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். அதனால் வலது பின் டயரின் சுற்றளவு கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டேகர் என்பது இந்த வித்தியாசம்தான். வளைவின் ஆரம் 30 மீட்டர், டயரின் சுற்றளவு 88 செ.மீ. என்றால் கணக்குக்குச் சுமார் 3 செ.மீ. வருகிறது. நேர் பாதையில் இதே வித்தியாசம் வண்டியை இடது பக்கம் இழுக்கும் என்பதால் அளவு மீறவும் கூடாது.

பக்கத்து டெய்லரிடம் டேப் வாங்கி அளந்தோம். ஒரே சைஸ் அச்சடித்த டயர்கள்தான், இருந்தும் இரண்டு செ.மீ. வித்தியாசம். பெரியது இடது பக்கம் மாட்டியிருந்தது! மாற்றிப் போட்டதும், அதுவரை வளைவில் நேராகவே ஓடிக்கொண்டிருந்த வண்டி மூக்கைத் திருப்பியது. அளக்கும்போது ஓட்டப் போகிற காற்றழுத்தத்திலேயே அளக்க வேண்டும். புது டயர் என்றால் ஒரு ராத்திரி காற்று அடித்து வைத்துவிட்டு அளக்கலாம், ரப்பர் விரிந்து அடங்கியிருக்கும்.

அடுத்தது காற்று. மண் பாதையில் பெரும்பாலும் 10 பி.எஸ்.ஐ.-க்குக் கீழேதான். பெட்ரோல் பங்க் கேஜை இதற்கு நம்பாதீர்கள், 15 வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் வாங்குங்கள். 30 டிகிரியில் 7 அடித்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் 9-ஐத் தாண்டும். காருக்கு இரண்டு பி.எஸ்.ஐ. பெரிய விஷயமில்லை, இதற்கு அது கால் பங்குக்கும் மேல். இவ்வளவு குறைந்த காற்றில் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளலாம் என்பதால், பீடை, அதாவது ரிம்மில் உட்காரும் டயரின் உள் விளிம்பை, பிடித்து நிறுத்தும் ஸ்குரூ வைத்த ரிம்தான் பாதுகாப்பு.

கோடே இல்லாமல் வழவழவென்று வரும் மொட்டை டயரா, மேலே ரப்பர் கட்டிகள் துருத்திய பட்டன் டயரா? மண்ணைக் கேளுங்கள். குதிகாலால் அழுத்தும்போது பள்ளம் விழுந்தால் மண் ஈரமாக, உதிரியாக இருக்கிறது, பிடிக்க விளிம்பு வேண்டும், பட்டன் டயர் போடுங்கள். தண்ணீர் தெளித்த காலையில் அப்படித்தான் இருக்கும். மத்தியானத்துக்குள் நம் ஊர் வெயிலில் செம்மண் இறுகிப் பளபளக்கும், அப்போது மொட்டை டயர்தான் முழுசாக ஒட்டும். இடைப்பட்ட நிலைக்கு மொட்டையிலேயே மெல்லிய கீறல் போடுவார்கள். ரப்பரில் கீறல் போடும் சூடான குரூவர் கருவி இல்லாமல் ஹாக்ஸா பிளேடால் முயன்று, நூல் தெரிகிற அளவுக்கு அறுத்த டயரைப் பார்த்திருக்கிறேன். அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். கிரைண்டரில் மேல் தோலை எடுப்பதானால் கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் தூசு சும்மா விடாது.

சாஃப்ட்டாக இருந்தால் எப்போதும் நல்லது என்பதும் தப்பு. ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டரில் கார் டயர் பொதுவாக 60 முதல் 70 வரை காட்டும், ரேஸ் டயர் அதற்குக் கீழே. மண் நன்றாகப் பிடிக்கிற நாளில் ரொம்ப சாஃப்ட் டயர் போட்டால் வண்டி ஒட்டிக்கொண்டு இன்ஜின் திணறும். ஒப்பிடுவதானால் எல்லா டயரையும் ஒரே நிழலில் வைத்து, ஆறிய பிறகு பாருங்கள். வெயிலில் கிடந்தது எப்போதும் சாஃப்ட்டாகவே காட்டும்.

பந்தயம் முடிந்ததும் மண்ணைத் துடைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி இருட்டான இடத்தில் வையுங்கள். மோட்டார், வெல்டிங் மெஷின் பக்கத்தில் வேண்டாம், அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். அந்தத் தம்பியின் மீதி தின்னர் இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. ஷட்டருக்குப் பெயிண்ட் அடித்தபோது பிரஷ் கழுவக் கொஞ்சம் எடுத்தேன். வாசலில், காற்றோட்டத்தில் வைத்துத்தான்.