நனைந்த பூட்ஸுக்குள் மரத்துப்போன கால்கள்

நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பார்ப்பது என் அன்றாட வேலை. "வலியே இல்லை டாக்டர், அதான் வரலை" என்று யாராவது சொன்னால், முதல் உலகப்போர் வீரர்களின் கால்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும். அவர்களுக்கும் முதலில் வலிக்கவில்லை.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி தாழ்வான களிமண் பூமி. கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறிவிடும். 1914 குளிர்காலத்தில் அங்கே பதுங்குகுழி வெட்டிப் போரிட்டவர்கள் நாள்கணக்கில் சேற்றுத் தண்ணீரில் நின்றார்கள். பூட்ஸைக் கழற்ற நேரமும் இல்லை, காய்ந்த இடமும் இல்லை. அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேருக்குக் கால் பாதிக்கப்பட்டது. அந்தக் குழிகளில் இந்தியப் படையினரும் இருந்தார்கள். இந்தக் கால் நோய்க்கு 'ட்ரெஞ்ச் ஃபுட்' (பதுங்குகுழிப் பாதம்) என்ற பெயர் அங்கேதான் நிலைத்தது.

இதற்கு உறைபனி தேவையில்லை. 10, 15 டிகிரி குளிரும் ஈரமும் போதும். உடம்புச் சூட்டைக் காப்பாற்றப் பாதத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் குறைந்தபடியே பல மணி நேரம் போனால் நரம்பும் சதையும் கெட ஆரம்பிக்கும். கால் வெளுத்து மரத்துப்போகும். பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கும். அப்புறம் கால் சூடேறும்போதுதான் வேதனை. சிவந்து, வீங்கி, கொப்புளம் கிளம்பும். முற்றினால் அழுகி, காலையே எடுக்க வேண்டிவரும். சீருடையின் பகுதியாக முழங்கால்வரை இறுக்கிச் சுற்றிய துணிப்பட்டையும் நனைந்து ரத்த ஓட்டத்தை இன்னும் நெரித்தது.

இதை அடக்கியது மருந்து அல்ல என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். குழியின் அடியில் மரப்பலகை போட்டார்கள். மாற்றுச் சாக்ஸ் கொடுத்தார்கள். திமிங்கில எண்ணெய் தடவச் சொன்னார்கள். அதிகாரிகள் தினமும் வீரர்களின் வெறுங்காலைச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் காலை மற்றவர் பார்த்துக்கொள்ளவும் வைத்தார்கள். என்னைக் கேட்டால், எண்ணெயைவிட அந்தப் பார்வைதான் பெரிய வைத்தியம். மரத்துப்போன காலை அதன் சொந்தக்காரரே கவனிப்பதில்லை.

இந்தப் பழக்கம் விட்டுப்போன இடத்தில் நோய் திரும்பியது. 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து தீவுப் போரில், ஈரம் ஊறிய பூட்ஸோடு சதுப்பு நிலத்தில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு மறுபடி வந்தது.

குளிர் நாட்டுச் சங்கதி என்று விட்டுவிடவும் முடியாது. வியட்நாம் போரில் வெதுவெதுப்பான வயல் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நனைந்த அமெரிக்க வீரர்களின் பாதங்களும் ஊறி வீங்கின, நடக்க முடியாமல் படுத்தார்கள். அதனால் வெள்ள மீட்புக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இரவில் பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்துக் காயவிடுங்கள், ஈர சாக்ஸோடு தூங்காதீர்கள். மரத்துப்போன காலை நெருப்பில் காட்டாதீர்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். உலர்த்தி, சற்று உயர்த்தி வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.