சர்வர் வட்டில் எதற்கு எவ்வளவு இடம்?

புதிய சர்வரில் லினக்ஸையோ பிஎஸ்டி வகை இயங்குதளம் ஒன்றையோ நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றின் விடைகளைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். நேர மண்டலம், விசைப்பலகை, கணினியின் பெயர் எல்லாம் ஒரே கட்டளையில் மாறிவிடும். வட்டை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி அப்படியல்ல. அதற்குத் தந்த விடை அந்த சர்வர் ஓடும் காலம் முழுக்கக் கூடவே வரும். ஆயினும் பலர் அந்தத் திரையில்தான் யோசிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்துகிறார்கள்.

வட்டு நிரம்பும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு நிரல் கோப்பில் எழுத முயல்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை மறுத்து, 28 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. ‘சாதனத்தில் இடமில்லை’ என்பது அதன் பொருள். அதற்குப் பிறகு நடப்பது அந்த நிரலை எழுதியவரின் கவனத்தைப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவுக்கு இடம் தீர்ந்தால், தரவு கெட்டுவிடாமல் இருக்கத் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அது பொறுப்பான நடத்தை. எல்லா நிரல்களும் அப்படி இல்லை. அமைப்புக் கோப்பை முதலில் வெறுமையாக்கிவிட்டுப் பிறகு எழுதத் தொடங்கும் நிரல்கள் உண்டு. வெறுமையாக்கியதில் விடுபட்ட சிறு இடத்தை வேறொரு நிரல் நொடியில் பிடித்துக்கொண்டால், மிஞ்சுவது பூஜ்ய பைட் கோப்பு மட்டுமே. வேறு யாரோ வட்டை நிரப்பியதற்கு, தவறே செய்யாத நிரல் தன் அமைப்பை இழக்கிறது.

பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பிரிவு) அளவு என்பது எவ்வளவு சேமிக்கலாம் என்ற கணக்கு மட்டும் அல்ல என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஒன்று நிரம்பினால் வேறு எதெல்லாம் நிற்கலாம், எதெல்லாம் நிற்கக் கூடாது என்பதை அங்கே நாம் தீர்மானிக்கிறோம். சேமிப்பு மட்டுமே நோக்கம் என்றால் முழு வட்டையும் ஒரே பிரிவாக விடுவதுதான் சிறந்தது. எந்த மூலையிலும் இடம் வீணாகாது. ஒவ்வொரு பிரிவும் கொஞ்சம் இடத்தைச் சிறைப்படுத்துகிறது. அந்த விலையைக் கொடுத்து நாம் வாங்குவது, ஒன்றின் விபத்து இன்னொன்றைத் தொடாது என்ற உறுதி.

யூனிக்ஸின் இளமையில் பிரிப்பதற்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தின் பிடிபி-11 கணினியில் இயங்குதளம் ஒரு வட்டில் இருந்தது. பயனர்களின் கோப்புகள் /யூஎஸ்ஆர் என்ற பெயரில் இன்னொரு வட்டில் இருந்தன. முதல் வட்டு நிரம்பியபோது நிரல்கள் இரண்டாவதற்கு வழிந்தன. பயனர்களின் கோப்புகள் பின்னர் /ஹோம் என்ற அடைவுக்கு (கோப்புறைக்கு) இடம் மாறின. நிரல்கள் மட்டும் /யூஎஸ்ஆரிலேயே தங்கிவிட்டன. சில மெகாபைட் வட்டு நிரம்பியதால் வந்த அந்தப் பிரிவை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 2012இல் ஃபெடோரா 17 ஒன்றாக இணைத்தது. இன்றைய லினக்ஸில் /யூஎஸ்ஆருக்குத் தனிப் பிரிவு தேவையில்லை. எல்லா அடைவுகளுக்கும் வேரான ரூட் பிரிவுக்குள் இருக்கட்டும்.

பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்த அடைவு எப்படி வளர்கிறது? நிரல்கள் இருக்கும் ரூட் பகுதி மிக மெதுவாக, நாம் எதையாவது நிறுவும்போது மட்டுமே வளர்கிறது. வரைகலைத் திரை இல்லாத சர்வருக்கு 20 முதல் 30 ஜிபி தாராளம். /ஹோம் மனிதர்களின் பழக்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. தற்காலிகக் கோப்புகளுக்கான /டெம்ப் பெரும்பாலும் காலியாக இருந்து, திடீரென ஒரே கணத்தில் வீங்குகிறது. நிரல்கள் ஓடும்போது எழுதும் தரவுகளைத் தாங்கும் /வார் யாரும் பார்க்காதபோது வளர்கிறது. கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

கணினி துவங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் /பூட் பிரிவைப் பற்றிச் சுருக்கமாக. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது பழைய கெர்னல்கள் உடனே நீங்குவதில்லை. ஒவ்வொன்றோடும் அதன் தொடக்க நினைவகப் படமும் (துவக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் கோப்பு) அங்கேயே இருக்கும். 200 எம்பி போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. 1 ஜிபி கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். குறைத்துக் கொடுத்தால், பாதுகாப்புத் திருத்தம் வரும் நாளில் புதிய கெர்னல் பாதியில் நிற்கும்.

இனி /வார். பதிவுக் கோப்புகள், அஞ்சல் வரிசை, தரவுத்தளங்கள், நிரல் பொதிகளின் தற்காலிகச் சேமிப்பு, கொள்கலன்களின் (நிரல்களைத் தனித்தனியே இயக்கும் உறைகள்) மூலப் படிமங்கள் என இயல்பில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பலவும் இந்த ஒரே அடைவின் கீழ் வாழ்கின்றன. பதிவுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு வலைச் சேவையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 200 பைட் அளவில் ஒரு வரி பதிவாகிறது, ஒரு நாளில் 10 லட்சம் கோரிக்கைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 200 எம்பி. 30 நாள் வைத்திருந்தால் 6 ஜிபி. பழையவற்றைச் சுருக்கி வைத்தால் இன்னும் குறைவு. இந்தக் கணக்கைப் பார்த்து 10 ஜிபி ஒதுக்குபவர் நியாயமாகத்தான் ஒதுக்குகிறார்.

ஆனால் சர்வர் ஒழுங்காக இருக்கும் நாட்களுக்கான கணக்கு அது. அதே சேவை ஏதோ ஒரு பிழையில் சிக்கி, நொடிக்கு 1000 முறை, ஒவ்வொரு முறையும் 2000 பைட் நீளமுள்ள பிழைக் குறிப்பை எழுதத் தொடங்கினால்? நொடிக்கு 2 எம்பி, மணிக்கு 7.2 ஜிபி, நாளுக்கு 170 ஜிபிக்கும் மேல். 20 ஜிபி காலியாக வைத்திருந்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். நள்ளிரவில் தொடங்கினால் விடிவதற்குள் முடிந்துவிடும் கதை இது. எந்த அளவு கொடுத்தாலும் இந்த வெள்ளத்தைத் தாங்க முடியாது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. பெரிய பிரிவு நேரத்தை வாங்கித் தரும். தனிப் பிரிவோ சேதத்தை ஓரிடத்தில் நிறுத்தும். எனவே பதிவுகளுக்கான /வார்/லாக் தனியாகவும், தரவுத்தளம் வாழும் /வார்/லிப் தனியாகவும் இருக்கட்டும். பதிவு நிரம்பினால் பதிவு நிற்கும், தரவுத்தளம் ஓடும். இந்த ஒரு பிரிப்பை மட்டும் எந்த சர்வரிலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தானாகவே தன்னை அடக்கிக்கொள்ளும் பதிவு முறைகளும் உண்டு. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல், தான் இருக்கும் கோப்பு முறைமையின் (பிரிவில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) 10 சதவீதத்தையோ 4 ஜிபியையோ, எது குறைவோ அதைத் தன் வரம்பாக வைத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஜர்னல் வழியாகப் போகாமல் நேரடியாகக் கோப்பில் எழுதும் நிரல்களை அது கட்டுப்படுத்தாது.

பதிவுகள் நிரம்பியதும் பெரிய கோப்பு ஒன்றை அழித்துவிட்டு, இடம் திரும்பவில்லையே என்று திகைப்பவர்கள் பலர். யூனிக்ஸில் கோப்பின் பெயரும் கோப்பின் உடலும் வேறு வேறு. நாம் அழிப்பது பெயரை மட்டுமே. ஏதேனும் ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை உடல் வட்டில் அப்படியே இருக்கும். அடைவுகளைச் சுற்றிப் பார்த்துக் கூட்டும் ‘டியூ’ கட்டளைக்கு அந்தக் கோப்பு தெரியாது. கோப்பு முறைமையின் கணக்கைக் கேட்கும் ‘டிஎஃப்’ கட்டளைக்குத் தெரியும். இரண்டும் காட்டும் எண்கள் வெகுவாக வேறுபட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பும்.

பைட்டுகள் மீதமிருந்தும் ‘இடமில்லை’ என்ற அதே பிழை வருவதும் உண்டு. கோப்பு ஒவ்வொன்றுக்கும் அதன் உரிமையாளர், அனுமதிகள், தரவு இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறிக்கும் ஐநோடு ஒன்று வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஐநோடுகளின் எண்ணிக்கை உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒன்று. 100 ஜிபி பிரிவில் சுமார் 65 லட்சம் ஐநோடுகள் கிடைக்கும். அஞ்சல் வரிசை போல மிகச் சிறிய கோப்புகளே நிறைந்த இடத்தில், ஒவ்வொன்றும் 4 கேபி தொகுதி ஒன்றை எடுத்துக்கொண்டால், 65 லட்சம் கோப்புகள் சேர்ந்ததும் 25 ஜிபிதான் செலவாகியிருக்கும். முக்கால்வாசி வட்டு காலி, ஆனால் ஒரு புதிய கோப்பைக்கூட உருவாக்க முடியாது. இப்படிப்பட்ட பிரிவை உருவாக்கும்போதே 4 கேபிக்கு ஓர் ஐநோடு என்று கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 256 பைட் என்பதால் பிரிவின் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் அதற்கே போய்விடும். இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ் ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை அரிது.

எக்ஸ்ட் குடும்பம் இன்னொன்றும் செய்கிறது. வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகியான ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. சாதாரணப் பயனர்கள் வட்டை நிரப்பினாலும் நிர்வாகி உள்ளே வந்து சுத்தம் செய்ய இடம் இருக்கும். வட்டு முழுக்க நிரம்பினால் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறும் என்பதும் ஒரு காரணம். ரூட் பிரிவில் இது பொன் போன்ற ஏற்பாடு. 4 டிபி தரவுப் பிரிவிலோ 200 ஜிபி கைக்கு எட்டாமல் கிடக்கும். அங்கே 1 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றக்கூடிய எண் அது.

ரேம் போதாதபோது அதன் உள்ளடக்கத்தை வைக்க வட்டில் ஒதுக்கும் ஸ்வாப்பின் அளவு பற்றி ‘ரேமைப் போல இரு மடங்கு’ என்ற விதி இன்னும் உலவுகிறது. பழைய பிஎஸ்டி அமைப்புகளில் நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் (சிறு துண்டுக்கும்) ஸ்வாப்பில் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. ஸ்வாப் குறைந்தால் ரேமே முழுதாகப் பயன்படாது. அந்தக் காலத்தில் பொருள் பொதிந்த விதி. இன்று 256 ஜிபி ரேம் உள்ள சர்வரில் அதைப் பின்பற்றினால் 512 ஜிபி ஸ்வாப் வரும். நொடிக்கு 100 எம்பி வேகமுள்ள சுழல் வட்டில், இடைவிடாமல் வரிசையாகப் படித்தாலே அதை மீட்க 85 நிமிடம் ஆகும். அவ்வளவு தூரம் ஸ்வாப்பில் இறங்கிவிட்ட சர்வர் உயிரோடு இருந்தும் பதில் சொல்லாது. நினைவகம் தீர்ந்தால் ஒரு நிரல் கொல்லப்பட்டு மற்றவை பிழைப்பது அதைவிட நல்லது. பெரிய ரேம் உள்ள சர்வருக்கு 4 முதல் 8 ஜிபி போதும். 2 ஜிபிக்கும் குறைவான ரேம் உள்ள சிறிய இயந்திரத்துக்கு மட்டும் இரு மடங்கு இன்றும் பொருந்தும். கெர்னல் நிலைகுலையும்போது நினைவகத்தின் நகலை ஸ்வாப்பில் எழுதும் ஃப்ரீபிஎஸ்டி போன்ற அமைப்புகளில், அந்த நகலுக்கான இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

/டெம்ப் தனியாக இருப்பதில் பாதுகாப்பு நன்மையும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இடம் என்பதால், அங்கிருந்து எந்த நிரலையும் இயக்க முடியாதபடி அந்தப் பிரிவை மட்டும் கட்டுப்படுத்தி இணைக்கலாம். கட்டுப்பாடு முழுப் பிரிவுக்கும்தான் பொருந்தும், எனவே எல்லைகள் எங்கே என்பது முக்கியமாகிறது. ஓபன்பிஎஸ்டி இதை வெகுதூரம் கொண்டு செல்கிறது. அதன் நிறுவி தானாகவே வட்டைப் பல பிரிவுகளாக வகுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு, வட்டில் ஒரு சதவீதப் பங்கு, ஓர் உச்சவரம்பு என மூன்று எண்களை வைத்துக்கொண்டு அளவைக் கணிக்கிறது. கையால் திட்டமிடுபவர்களும் இதே மூன்று எண்களில் சிந்திப்பது நல்லது.

எல்லைக்கு ஒரு விலையும் இருக்கிறது. ஒரே பிரிவுக்குள் கோப்பை நகர்த்தினால் பெயர் மட்டும் மாறும். எத்தனை ஜிபி ஆனாலும் கண நேரம். பிரிவு தாண்டினால் முழுவதும் நகலெடுக்கப்பட்டு, பிறகுதான் பழையது அழிக்கப்படும். பதிவேற்றங்களை /டெம்ப்பில் வாங்கி /வாருக்கு நகர்த்தும் சேவை, 10 ஜிபி கோப்புக்கு இரண்டு பக்கமும் 10 ஜிபி கேட்கும்.

இத்தனையும் கணக்கிட்ட பிறகும் நம் ஊகங்களில் சில தவறாகத்தான் போகும். அதற்காகவே தருக்கத் தொகுதி முறையான எல்விஎம் இருக்கிறது. வட்டை 4 எம்பி துண்டுகளின் குவியலாக்கி, வேண்டிய பிரிவுக்கு வேண்டிய நேரத்தில் துண்டுகளைச் சேர்க்க அது வழிசெய்கிறது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டையுமே ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம். சிறிதாக்குவதுதான் கடினம். எக்ஸ்ட்4 பிரிவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சுருக்க முடியும். எக்ஸ்எஃப்எஸ் பிரிவைச் சுருக்குவது நடைமுறையில் இயலாது. தரவை வெளியே எடுத்து, புதிதாக உருவாக்கி, திரும்ப இட வேண்டும். வளர்ப்பது எளிது, குறைப்பது கடினம் என்னும்போது, எல்லாவற்றையும் சிறியதாகத் தொடங்குவதே அறிவு. நிறுவும் நாளில் முழு வட்டையும் பங்கிட்டுத் தீர்த்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது யாருக்கும் கொடுக்காமல் விடுங்கள். சில மாதங்கள் ஒவ்வொரு பிரிவும் வாரத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று குறித்துவாருங்கள். பிறகு, மீதி நாட்கள் குறைந்துவரும் பிரிவுக்கு மட்டும் அந்த இருப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள். எச்சரிக்கை மணியையும் 90 சதவீதம் என்று சதவீதத்தில் மட்டும் வைக்காமல், தற்போதைய வேகத்தில் எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்ற கணக்கில் வையுங்கள். 4 டிபியில் 90 சதவீதம் என்றால் இன்னும் 400 ஜிபி மீதமிருக்கிறது. 20 ஜிபியில் வெறும் 2 ஜிபி.