ரைஸ் குக்கருக்கு ஊனமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ஊரில் ஒரு மின்சாதனக் கடை. கல்லாவுக்கு மேலே மூன்று மொழியில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். தமிழ் வரி இது: ‘ஊனமான பொருள்களை ஏழு நாளில் மாற்றிக்கொள்ளலாம்.’ கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா, முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஏன் தம்பி, குக்கருக்குக் கால் இல்லையாமா?” என்றார். சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் போன மாதம் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், புது வீட்டுச் சாவி வாங்கியபோது கொடுத்த படிவத்திலும் ‘வீட்டின் ஊனங்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது.

இதெல்லாம் ‘டிஃபெக்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வந்த வினை. லத்தீனில் ‘டெஃபிகெரெ’ என்றால் குறைந்துபோவது, கைவிட்டுப் போவது. சூரிய கிரகணத்தைக்கூட ரோமானியர்கள் சூரியனின் ‘டெஃபெக்டஸ்’ என்றார்கள். கட்சி தாவுகிறவரை ஆங்கிலத்தில் ‘டிஃபெக்டர்’ என்பதும் இதே வேர்தான், நம் ஊரில் தவளை என்கிறோம். வேர்க்கதை இவ்வளவு போதும்.

சரி, ஊனம் எங்கிருந்து வந்தது? மொழிபெயர்ப்பவர் ஆங்கிலத்தைப் பார்ப்பதில்லை, மலாயைப் பார்க்கிறார். மலாயில் ‘சாச்சாட்’ என்ற ஒரே சொல் பொருளுக்கும் ஆகும், உடலுக்கும் ஆகும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டது ஊனம், போட்டுவிட்டார். மலாய்க்காரர்களே ஆளைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டு ‘ஓராங் குராங் உப்பாயா’ (திறன் குறைந்தவர்) என்று மாறி, 2008இல் சட்டமே அந்தப் பெயரில் வந்துவிட்டது. நாமும் மாற்றுத்திறனாளி என்கிறோம். ஆளிடமிருந்து எடுத்த சொல்லைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிற சாமான் மேல் ஒட்டினால், அந்தச் சொல்லால் கேலி பட்டவர் அந்தக் கடைக்குள் வரும்போது அவருக்கு எப்படி இருக்கும்?

ஊன் என்பது தசை, அதிலிருந்து வந்த ஊனம் தூய தமிழ் என்று ஒரு நண்பர் வாதாடினார். இல்லை. இது வடமொழி ‘ஊன’, குறைந்த என்று பொருள். பத்தொன்பதை ‘ஏகோனவிம்சதி’ என்பார்கள், அதாவது ஒன்று குறைந்த இருபது. வேர்ப்பொருளில் பார்த்தால் லத்தீனுக்குப் பக்கத்திலேயேதான் நிற்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இன்று ஊனம் என்றதும் யாருக்கு இருபதில் ஒன்று குறைவது நினைவுக்கு வருகிறது?

அப்புறம் பழுது. ‘பழுதெண்ணும் மந்திரி’ என்று குறளிலேயே இருக்கிறதே என்பார்கள். பழைய சொல், நல்ல சொல், நம் சொல், எல்லாம் சரி. ஆனால் இன்றைய வழக்கில் பழுது என்றால் ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோவது, அதனால்தான் பழுது பார்க்கிறோம். அக்கா மொழியில் ‘ரோசாக்’, கெட்டுப்போனது என்பதற்கான மலாய்ச் சொல். டிஃபெக்டிவ் அப்படி இல்லை, பெட்டியைப் பிரிக்கும்போதே சரியில்லாதது. புது வீட்டுக்குச் சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் வீடமைப்பாளர் பொறுப்பு என்று சட்டம் சொல்வதும் அவர் கட்டியதில் உள்ள கோளாறுக்குத்தான், நாம் ஆணி அடித்து உடைத்த சுவருக்கு இல்லை. தூய்மை மட்டும் பார்த்துச் சொல்லை எடுத்தால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

எனக்குக் குறை போதும். குறையுள்ள பொருள், கட்டுமானக் குறை. குறைபாடுடைய, குறைபாட்டிற்குள்ளான என்று இழுக்கவும் வேண்டாம், ஏதோ வைட்டமின் மாத்திரை ஞாபகம் வருகிறது.

கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். நல்ல மனிதர், மறுநாளே ஊனத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி ‘பழுதான’ என்று எழுதிவிட்டார். அந்த வாரமே ஒருவர் நாலு வருஷம் சோறு ஆக்கிய குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து, மாற்றிக் கொடுங்கள் என்று நின்றாராம்.