ஓட்டைதான் சரக்கு

புதுச் செருப்புப் பெட்டிக்குள் 'சாப்பிடக் கூடாது' என்று எழுதிய சின்னப் பொட்டலம் ஒன்று கிடக்குமே, அதைப் பிரித்துப் பாருங்கள். கண்ணாடி மணி போல வழவழவென்று சிலிக்கா ஜெல். பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே முழுக்க நுண்துளைகள். காற்றின் ஈரத்தை அவை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் செருப்பில் பூஞ்சை ஏறுவதில்லை.

சரி, பிடித்த ஈரத்தைத் திரும்ப வாங்கிக் குடிக்கலாமா? பாலைவனத்தில் அது நடக்காது. வறண்ட காற்றில் சிலிக்கா ஜெல் அதிகம் பிடிக்காது. அதன் உறவுக்காரனான சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் நன்றாகவே பிடிக்கும். ஆனால் கஞ்சன், நன்றாகச் சுட வைத்தால்தான் விடும். நமக்கு வேண்டியது இரவில் வாங்கி, பகல் வெயிலில் கொடுத்துவிடுகிற பொருள். அப்படியென்றால் துளையின் அளவையும் சுவரின் குணத்தையும் நாமே முடிவு செய்ய வேண்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வேதியியல் பேராசிரியராக இருக்கும் ஓமர் யாகி செய்வது இந்த வேலைதான். ஜோர்டானின் அம்மானில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் வளர்ந்தவர். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை, சில மணி நேரம் மட்டுமே தண்ணீர் வந்த வீடு அது.

பந்தல் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு விழும் இடங்களில் உலோக அணுக்கள். மூங்கிலுக்குப் பதில் கரிம மூலக்கூறுகள். மூங்கிலின் நீளத்தை மாற்றினால் அறையின் அளவு மாறும். இதற்குப் பெயர் உலோக-கரிமக் கட்டமைப்பு, சுருக்கமாக மோஃப். கட்ட ஆள் வேண்டியதில்லை என்பதுதான் அழகு: கரைசலில் கலந்து சூடாக்கினால் பந்தல் தானே எழும்பிவிடும். 1989-இல் ரிச்சர்ட் ராப்சன் கட்டிய ஆரம்பப் பந்தல்கள் எளிதில் சரிந்தன. 1997-இல் சுசுமு கிடகாவா, வாயுக்கள் உள்ளே போய் வெளியே வந்தாலும் குலையாத பந்தலைக் காட்டினார். 1999-இல் யாகியின் மோஃப்-5 வந்தது. மூவருக்கும் சேர்த்து 2025-இன் வேதியியல் நோபல் பரிசு.

மோஃப்-5-இல் முடிச்சு துத்தநாகம். மூங்கிலின் இடத்தில் வரும் குச்சி டெரெப்தாலிக் அமிலம், அதாவது நம் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் இருக்கும் அதே சரக்கு. இரண்டு கிராம் பொடியின் உட்சுவர்களை விரித்துப் போட்டால் ஒரு கால்பந்து மைதானத்தை மூடிவிடும். உள்ளே வெறுமையாக இருக்கும்போதே 300 டிகிரி சூட்டைத் தாங்கும். ஆனால் ஈரக்காற்று பட்டால் போச்சு! துத்தநாகப் பிடியை நீர் மூலக்கூறு அவிழ்த்துவிடும், பந்தல் சரியும். தண்ணீர் பிடிக்க இது உதவாது.

அதனால் முடிச்சை மாற்றினார்கள். மோஃப்-801-இல் சிர்கோனியம், மோஃப்-303-இல் அலுமினியம். இரண்டும் தண்ணீருக்கு அசையாதவை. மோஃப்-303-க்குள் நடப்பதை அணு அணுவாகவே பார்த்திருக்கிறார்கள். முதலில் நுழையும் சில நீர் மூலக்கூறுகள் சுவரில் குறிப்பிட்ட இடங்களில் அழுத்தமாக ஒட்டும். அடுத்து வருபவை சுவரைத் தேடுவதில்லை, இவற்றையே பிடித்துக்கொள்கின்றன. பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் பக்கத்து இலைகளைச் சொந்தக்காரர்களுக்குப் பிடித்து வைப்பது மாதிரிதான். அதனால் துளை கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பாமல், ஈரப்பதம் ஓர் அளவைத் தொட்டதும் சட்டென்று நிரம்பிவிடுகிறது. லேசாகச் சூடேற்றினால் அதே வேகத்தில் காலியாகிறது. 2021-இல் குச்சிகளில் ஒரு பகுதியை வேறு மூலக்கூறாக மாற்றி, அந்த முதல் பிடியையும் கொஞ்சம் தளர்த்திக் காட்டினார்கள்.

2019-இல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வைத்த கருவி, ஒரு கிலோ மோஃப்-303-க்கு நாளொன்றுக்கு 0.7 லிட்டர் தண்ணீர் தந்தது. ஒரு ஆளுக்குக் குடிக்கவே பத்தாதுதான். ஆனால் நாள் முழுக்கப் பலமுறை நிரப்பிக் காலி செய்தாலும் பொடி தீர்ந்துபோவதில்லை. தீர்வது வெப்பம்தான்: ஒரு லிட்டரை வெளியேற்ற, எந்தப் பொடியாக இருந்தாலும், குறைந்தது 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் கொடுத்தாக வேண்டும். பாலைவனத்தில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.