சொக்மார் செங்கோல் அல்ல

தங்கை மகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினாள். மண்டபத்துக்குள் பெற்றோர் இருவருக்குத்தான் இடம். மாமன் நான் வெளியே, பூங்கொத்து விற்பவர்களுக்கும் கரடிப் பொம்மை விற்பவர்களுக்கும் நடுவில் நின்று, கைப்பேசியில் நேரலை பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. குறை இரண்டு நாள் கழித்துக் குடும்பப் புலனக் குழுவில் வந்தது. யாரோ அந்தக் காட்சிகளை வெட்டி ஒட்டி, தமிழில் பின்னணிக் குரல் கொடுத்திருந்தார்கள். நல்ல கனமான குரல். “செங்கோல் முன்னே வர, வேந்தர் அரங்கில் நுழைகிறார்” என்றது.

இதே பிழையை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதை விட்டு வெகுகாலம் ஆயிற்று. நாடாளுமன்றச் செய்தியில் செங்கோல், பட்டமளிப்பு விழாவில் செங்கோல், சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடக்கத்தில் செங்கோல். கையில் அலங்காரமாக ஒரு தடி இருந்தால் போதும், நமக்கு அது செங்கோல்தான்.

முதலில் அந்தப் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். பட்டமளிப்பு ஊர்வலத்தில் எல்லாரும் எழுந்து நிற்கும்போது, அங்கி அணிந்த ஒருவர் தலைப்பக்கம் பருத்த, கனத்த தடி ஒன்றை ஏந்தி வருகிறாரே, அதுதான். மேடையில் வேந்தருக்கு முன்னால் அதற்கென்று உள்ள தாங்கியில் வைப்பார்கள். அது வந்து அமர்ந்த பிறகுதான் சபை சபையாகும். விழா முடிந்ததும் அதே ஊர்வலத்தோடு வெளியேறும். மலாயில் அதற்குச் சொக்மார் என்று பெயர். ஆங்கிலத்தில் மேஸ்.

மேஸ் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பொருள், மண்டையை உடைக்கும் ஆயுதம். கவசம் போட்டவனை வாளால் வெட்ட முடியாது, ஆனால் கனத்த இரும்புக் குமிழால் ஓங்கி அடித்தால் கவசத்தோடு சேர்த்து ஆளும் நசுங்குவான். இடைக்கால ஐரோப்பாவில் அரசனின் மெய்க்காவலர்கள் இதை ஏந்தி நின்றார்கள். பிடியின் அடியில் அரசச் சின்னம் பொறித்த சிறு குமிழ் ஒன்று இருக்கும். போகப்போக அடிக்கிற தலை சிறுத்தது, சின்னம் தாங்கிய அடிப்பக்கம் பெருத்தது, ஒரு கட்டத்தில் ஆயுதத்தையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்கள். இன்று நாம் ‘தலை’ என்று பார்ப்பது பழைய ஆயுதத்தின் வால். ஆயுதம் இப்படிச் சடங்குப் பொருளாகி, நாடாளுமன்றத்துக்கும் நகர மன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனது.

நம் பக்கம் அது பிரிட்டிஷ் பல்கலைக்கழக முறையோடு சேர்ந்து வந்தது. 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியானது. அதையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து, 1949 அக்டோபர் 8இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன வேறுபாடு? பட்டத்தைத் தன் பெயரிலேயே வழங்கும் அதிகாரம். 1959இல் சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என்று இரண்டானது. 1962 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள். கோலாலம்பூரில் முதல் வேந்தர் துங்கு அப்துல் ரஹ்மான். டி.டி.சி. என்று மாணவர்கள் சொல்லும் மண்டபத்தின் முழுப் பெயரான ‘டேவான் துங்கு சன்செலோர்’ அவர் நினைவில் வைத்ததுதான்.

அந்தத் தடி குறிப்பது, பட்டம் வழங்கும் இந்த அதிகாரத்தைத்தான். அது வேந்தருடைய சொந்த அதிகாரம் அல்ல, பல்கலைக்கழகத்தின் அதிகாரம்.

மலாய்க்காரர்கள் இதற்குப் பெயர் வைத்தபோது கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். சொக்மார் அவர்களுடைய பழைய கதைகளில் வரும் போர் ஆயுதம். ‘கடா’ என்று இன்னொரு சொல்லும் மலாயில் உண்டு. அது வடமொழி கதா. வீமன் கையில் இருப்பது. கவனிக்க வேண்டியது, அரசுச் சின்னங்களில் அவர்களிடம் வேறொன்றும் இருக்கிறது: சோகான். மலேசிய மாமன்னரின் அரியணைச் சின்னங்களில் சோகான் ஆலாம், சோகான் அகாமா என்று இரண்டு நீண்ட வெள்ளிக் கோல்கள் உண்டு. அதே தொகுப்பில் அவற்றை விடக் குட்டையான சொக்மார்களும் தனியாக உண்டு. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே விழாவில், வெவ்வேறு பெயரில். சோகான் என்றால் அடையாளம், சின்னம். விருதுவாக்கு, முழக்கவரிக்கு மலாயில் ‘சோகான் காத்தா’ என்று சொல்வது இதனால்தான். பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆங்கிலத் தடிக்கு அவர்கள் சோகானை எடுக்கவில்லை, சொக்மாரை எடுத்தார்கள். ஆயுதத்துக்கு ஆயுதத்தின் பெயர்.

நாம் என்ன செய்தோம்? சொக்மாரைச் செங்கோல் ஆக்கினோம். சரி, அப்படியானால் சோகானுக்கு என்ன சொல்வது? அதற்கும் செங்கோல்தான். மாமன்னர் முடிசூட்டு விழாவைத் தமிழில் விவரிக்க வேண்டிய நாளில், பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு பொருள்களுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திணறுவோம்.

செங்கோல் என்ற சொல்லின் கட்டுமானம் எளிது. செம்மை, கோல். வளையாத கோல். இதன் எதிர்ச்சொல் கொடுங்கோல், வளைந்த கோல். குறளில் செங்கோன்மை 55ஆம் அதிகாரம், கொடுங்கோன்மை 56. கோலின் நேர்மையே ஆட்சியின் நேர்மை என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கருத்து. பாண்டியன் தவறான தீர்ப்புச் சொன்னபோது கோல் வளைந்தது. அவன் உயிரை விட்டு அதை நிமிர்த்தினான் என்கிறது சிலம்பு. இப்படி நிமிர்கிற, வளைகிற பொருளை இரும்புக் குமிழ் வைத்த சம்மட்டியோடு சேர்க்க எப்படித்தான் மனசு வருகிறது?

வள்ளுவர் இந்த வழக்கைத் தீர்த்தே வைத்துவிட்டார்:

வேலன்று வென்றி தருவது மன்னவன்
கோலதூஉங் கோடா தெனின்.

வெற்றி தருவது வேல் இல்லை, வளையாத கோல். அவருக்குப் படைக்கலம் ஒரு பக்கம், கோல் எதிர்ப்பக்கம். மேஸ் எந்தப் பக்கம் என்று கேட்டால் வேலின் பக்கம்தான் நிற்கும். அதைக் கோலின் பக்கம் தள்ளிவிட்டால் அந்தக் குறளில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

இலங்கை நாடாளுமன்றத் தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தத் தடியை ஏந்தி வரும் அதிகாரிக்கு அங்கே ‘படைக்கலசேவிதர்’ என்று பெயர். எவ்வளவு அழகான சொல்! ஆயுதம் தாங்கி நிற்கும் பணியாளர் என்பதை அப்படியே பிடித்திருக்கிறார்கள். ஆனால் அவர் கையில் இருப்பதைச் செங்கோல் என்கிறார்கள். ஆளின் பெயரில் படைக்கலம் இருக்கிறது, கையில் இல்லை. பெயர் வைத்த மொழிபெயர்ப்பாளர் பாதி வழி சரியாக வந்து, வாசலில் தூங்கிவிட்டார் போலிருக்கிறது.

2023 மே 28இல் இந்தியாவின் புதிய நாடாளுமன்றத்தில், உச்சியில் நந்தி அமர்ந்த அந்தச் செங்கோலை அவைத்தலைவர் இருக்கைக்கு அருகே வைத்த பிறகு என் வாதம் இன்னும் சிரமமாகிவிட்டது. “பார், நாடாளுமன்றத்தில் வைப்பது செங்கோல்தானே” என்று நண்பர் ஒருவர் மடக்கினார். ஐயா, அது உண்மையிலேயே செங்கோல். திருவாவடுதுறை ஆதீனம் 1947இல் செய்வித்தது, நேரான கோல், ஆயுதப் பரம்பரை எதுவும் கிடையாது. அதைச் செங்கோல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அதனால் மற்ற நாட்டு மேஸ்களும் செங்கோல் ஆகிவிடாது. பசு பால் தருகிறது என்பதற்காகப் பால்மரத்தில் மாட்டைத் தேட முடியுமா?

இந்தக் குழப்பத்தின் வேர் எங்கே என்று யோசித்தால், ‘வேந்தர்’ என்ற சொல்லில் என்று தோன்றுகிறது. வேந்தர் நடந்து வந்தால் முன்னால் செங்கோல்தானே வர வேண்டும், கற்பனை அப்படித்தான் ஓடும். ஆனால் சான்சலர் என்ற சொல்லின் மூலம் இலத்தீனில் நீதிமன்றக் கிராதியருகே நின்ற பணியாளைக் குறித்தது. கதவோரத்தில் நின்றவரைத் தூக்கி மூவேந்தர் வரிசையில் உட்கார வைத்தவர்கள் நாம். அது நிலைத்துவிட்டது, துணைவேந்தர், இணைவேந்தர் என்று குடும்பமும் பெருகிவிட்டது, அதை இனி அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டாம். மலேசியாவிலோ இன்னொரு சிக்கல்: இங்கே பல வேந்தர்கள் நிஜ வேந்தர்கள். மலாயாப் பல்கலைக்கழக வேந்தர் பேராக் சுல்தான் நஸ்ரின் ஷா. மன்னருக்குரிய சின்னங்கள் அரண்மனையில் இருக்கும். பட்டமளிப்பு மேடையில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பொருள். அதைச் செங்கோல் என்றால், சுல்தான் தம் ஆட்சிக் கோலோடு வந்து பட்டம் கொடுத்ததாக ஆகிறது. அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படியென்றால் சரியான தமிழ் எது?

‘கதை’ என்று சிலர் சொல்கிறார்கள். பொருளளவில் பொருத்தம்தான். ஆனால் “பல்கலைக்கழகத்தின் கதையைத் தூக்கி வந்தார்” என்று எழுதிப் பாருங்கள். கதாயுதம் என்றால் குழப்பம் தீரும், ஆனால் உடனே ஆஞ்சநேயர் கண்ணுக்கு முன் வந்துவிடுகிறார். கட்டியக்கோல் என்று ஒரு பெரியவர் சொன்னார். அரசனுக்கு முன்னே கட்டியம் கூறிப் போகிறவனின் கோல் அது. முன்னே போவது பொருந்துகிறது, ஆனால் கட்டியக்காரன் கோல் அவன் கையோடு போய்விடும். சபையின் நடுவே அமர்ந்து அதிகாரத்தைக் குறிக்காது.

எஞ்சுவது தண்டு. திருமாலின் ஐந்து படைகள் எவை? சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு. குழந்தைக்கு ஐம்படைத்தாலி கட்டிய காலத்திலிருந்து இந்த ஆயுதத்துக்குத் தமிழில் பெயர் இருக்கிறது. தண்டு வடமொழி தண்டத்தின் உறவுக்காரனா, இல்லை தனிக் குடும்பமா என்று தூய தமிழ் அன்பர்கள் சண்டை போடுவார்கள். போடட்டும். எனக்குத் தூய்மையை விடத் தெளிவு முக்கியம். வாழைத்தண்டு, கீரைத்தண்டு என்று சமையலறையில் கிடக்கும் சொல்லாயிற்றே என்றும் சிலர் முகம் சுளிப்பார்கள். கோல் மட்டும் என்ன, மாடு மேய்க்கிறவன் கையில் இல்லையா? முன்னால் ‘செம்’ சேர்த்ததும் அது அரியணை ஏறவில்லையா? தண்டுக்கு முன்னாலும் ஒரு சொல் சேர்ப்போம்.

விருதுத்தண்டு என்பதைத்தான் முதலில் நினைத்தேன். விருது என்றால் பழைய தமிழில் பெருமைச் சின்னம், கொடி. ஆனால் இன்றைக்கு விருது என்றால் பரிசு. பட்டமளிப்பு விழாவில் அதைச் சொன்னால் யாருக்கோ தடி ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவைத்தண்டு என்றால் சிக்கலில்லை. அவைத்தலைவர், அவைக்குறிப்பு, அவையடக்கம் என்று அந்த வரிசை ஏற்கெனவே நமக்குப் பழக்கம். நாடாளுமன்றமும் அவை, பட்டமளிக்கக் கூடுவதும் அவை. ஏந்தி வருகிறவர் தண்டேந்தி. சொல்லிப் பாருங்கள், வாயில் இடறவே இல்லை.

இதையெல்லாம் சொன்னால் “ஒரு சொல்லுக்கு இவ்வளவு கூச்சலா” என்பார்கள். ஒரு சொல் என்றால் விட்டுவிடலாம். அதே காணொளியில் ‘மலாய்ப் பல்கலைக்கழகம்’ என்றும் வந்தது. மலாயா நாட்டின் பெயர், மலாய் இனத்தின், மொழியின் பெயர். 1963இல் மலேசியா உருவான பிறகும் பழைய நாட்டுப் பெயரை விடாமல் வைத்திருக்கும் நிறுவனம் அது. மலாய் மொழியைப் போதனை மொழியாக வைத்து 1970இல் தொடங்கியது வேறு ஒன்று, தேசியப் பல்கலைக்கழகம். ஓர் ஆகாரம் விழுந்ததில் இருபது ஆண்டு வரலாறு மாறிப்போகிறது. விருதுவாக்கின் கதியும் அதுதான். ‘இல்மு புன்ச்சா கெமாஜுவான்’ என்பதைக் ‘கல்வியே வெற்றியின் திறவுகோல்’ என்று குரல் கொடுத்திருந்தார்கள். அதில் திறவுகோலும் இல்லை, வெற்றியும் இல்லை. புன்ச்சா என்றால் காரணம், மூலம். கெமாஜுவான் முன்னேற்றம். அறிவே முன்னேற்றத்தின் ஊற்று, அவ்வளவுதான். திறவுகோல் ஆங்கில வடிவத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. மலாய் வாசகம் கண்ணெதிரே சுவரில் இருக்க, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு தமிழுக்கு வருவானேன்? இந்த நாட்டில் மலாய் தெரியாத தமிழ் மாணவர் யார்? நல்ல வேளை, அந்தக் குரல்காரர் மேஸுக்கு அகராதி பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் ஜாதிபத்திரிக்கும் அதே பெயர். “ஜாதிபத்திரி முன்னே வர” என்று சொல்லியிருந்தால் ஜாதிக்காய்க்குப் பேர்போன பினாங்குக்காரர்கள் மட்டும் மகிழ்ந்திருப்பார்கள்.

இதே பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது சாதாரண உழைப்பாளிகள் காசு போட்டார்கள். இந்திய ஆய்வியல் துறை எழுந்தது. தனிநாயகம் அடிகள் அங்கே தலைமை வகித்த காலத்தில்தான் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்த வாசலில் நுழையும் ஒரு பொருளுக்குத் தமிழில் பெயர் தேடக் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

காணொளி செய்த தம்பியின் எண்ணைத் தேடிப் பிடித்து, இவ்வளவையும் சுருக்கிக் குரல் பதிவாக அனுப்பினேன். மரியாதையான பையன். “மிக்க நன்றி அண்ணே, அடுத்ததில் திருத்திடுறேன்” என்று பதில் போட்டான். அடுத்த பட்டமளிப்பு விழாக் காணொளி போன வாரம் வந்தது. அதே கனமான குரல். “செங்கோல் தண்டு முன்னே வர, வேந்தர் அரங்கில் நுழைகிறார்.”