சர்வேயர் போட்ட தொகையே முடிவு அல்ல

வெள்ளத்திலோ தீயிலோ கடைச் சரக்கு போனால், அந்த இழப்புக்கு விலை போடுவது இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர். எட்டு லட்சம் கேட்டவருக்கு இரண்டு லட்சம் எழுதியிருப்பார். கேட்கப் போனால், ‘சர்வேயர் அறிக்கை, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று அனுப்பிவிடுவார்கள். இது உண்மையல்ல. சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே சொல்லிவிட்டது.

ஆனால் ‘தொகை குறைவு’ என்று மட்டும் சொன்னால் எந்த நுகர்வோர் ஆணையமும் அறிக்கையைத் தள்ளாது. எந்தச் சரக்கை விட்டார், எந்த விலையைக் குறைத்தார் என்று வரி வரியாகக் காட்டவேண்டும். அதற்கு அறிக்கையின் நகல் வேண்டும், எழுதிக் கேளுங்கள்.

பலர் தோற்பது முதல் நாளிலேயே. நாற்றம் தாங்காமல் நனைந்த மூட்டைகளைச் சர்வேயர் வருமுன் அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். பிறகு அந்தச் சரக்கு இருந்ததற்கே சாட்சி இல்லை. தொடுவதற்கு முன் படம் எடுங்கள், எண்ணிப் பட்டியல் போடுங்கள். பில்கள் அழிந்திருந்தால் ஜிஎஸ்டி கணக்கும், சரக்கு கொடுத்தவர்களிடமுள்ள பில் நகலும் கைகொடுக்கும். வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் கணக்கு வேறு தொகை சொன்னால், சர்வேயர் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

பத்து லட்சம் சரக்கை ஐந்து லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், இழப்பிலும் பாதிதான், அதாவது இரண்டு லட்சம் இழப்புக்கு ஒரு லட்சம்தான் கிடைக்கும். பாலிசி எடுக்கும்போது இதை வாய்திறந்து சொல்பவர்கள் குறைவு.

அடுத்தது அலைக்கழிப்பு. கம்பெனி சர்வேயரைக் கேட்கச் சொல்லும். சர்வேயர் கம்பெனியைக் கேட்கச் சொல்வார். காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பின் 2024-ஆம் ஆண்டு சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அது கிடைத்த 7 நாளில் முடிவு. அறிக்கையை வாங்குவது கம்பெனியின் வேலை, உங்கள் வேலை அல்ல. தொகை பிடிக்கவில்லை என்பதற்காகக் காரணம் காட்டாமல் சர்வேயர்மேல் சர்வேயராக நியமிக்கவும் கம்பெனிக்கு உரிமை இல்லை.

தொகை நிரப்பாத சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வவுச்சரில் நெருக்கடியால் கையெழுத்திட நேர்ந்தால், அன்றே எதிர்ப்பை மின்னஞ்சலில் பதியுங்கள். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும். மாதங்கள் கழித்துச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

முதலில் கம்பெனிக்கு எழுத்துப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, மறுத்தாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, கேட்கும் தொகைக்கு வரம்பு 50 லட்சம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு கெடு. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று கம்பெனி கடிதம் போட்டுக்கொண்டே இருப்பதால் இந்தக் கெடு நீளாது.